ஒரே ஒரு மாற்றம்

பூஜ்யம் என்று வர வேண்டும். ஒன்று என்று வந்தது.

மறுபடி ஓட்டினேன். மறுபடியும் ஒன்று. சனியன்.

இத்தனைக்கும் பெரிய வித்தை ஒன்றுமில்லை. எண்களை வரிசையாகக் கொடுத்தால், ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் நிற்பதைவிடச் சிறியதா என்று நிரல் பார்க்க வேண்டும். வரிசை சரியாக இருந்தால் பூஜ்யம்; இல்லாவிட்டால், குறைந்தது எத்தனை எண்களை மாற்றினால் வரிசை சரியாகும் என்று சொல்ல வேண்டும். மாலைக்குள் மேலாளரிடம் கொடுத்தாக வேண்டும்.

எதை எழுதினாலும் முதலில் எங்கள் வீட்டு வயதுகளைப் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். என் வீட்டுக்காரர், நான், பெரியவள், சின்னவள். இறங்கு வரிசை, பிசகவே பிசகாது. யாருக்காவது பிறந்தநாள் வந்தால் அந்த எண்ணில் ஒன்று கூட்டிக்கொள்வேன்.

இன்று சின்னவளுக்குப் பிறந்தநாள். வந்து உட்கார்ந்ததும் கூட்டிவிட்டேன்.

நிரலில்தான் தப்பு என்று வரி வரியாகக் கிளறினேன். காபி ஆறிப்போனது. ஒரு தப்பும் அகப்படவில்லை.

பக்கத்து இருக்கைப் பெண், போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவள், நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். திரையை ஒரு பார்வைதான் பார்த்தாள்.

“கோட் எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா. ஒன்பது ரெண்டு தடவை வருதே, பாக்கலையா? வீட்ல ரெட்டைப் புள்ளைங்களா?”

41, 38, 9, 9.

பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒன்றை மாற்றினால் போதும். சின்னவளை எட்டுக்கே இறக்கலாம். ஆனால் ‘எனக்கு ஒன்பது, எனக்கு ஒன்பது’ என்று காலையில் கட்டில் மேல் நின்று குதித்தாளே.

பெரியவளைப் பன்னிரண்டு ஆக்கலாம். இருந்திருந்தால் அதுதான் அவள் வயது.

காய்ச்சல் அவளைக் கொண்டுபோன பிறகு அந்த எண்ணை நான் தொட்டதே இல்லை. கூட்ட முடியவில்லை. எடுத்துப்போடவும் மனம் வரவில்லை. அவரையும் என்னையும் ஏற்றிக்கொண்டே வந்தேன், சின்னவளை ஏற்றிக்கொண்டே வந்தேன். இப்படி ஒரு நாள் வரும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

விரலை விசைமேல் வைத்தேன். இரண்டு ஒன்பதையும் தொடாமல் கையை எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் இன்னும் பதிலுக்காகச் சிரித்த முகத்தோடு காத்திருந்தாள்.

“ஆமாம்மா. இந்த ஒரு வருஷம் மட்டும். அடுத்த வருஷம் சின்னவ அக்கா ஆயிடுவா.”