விரிசல்

சவரிமுத்துவின் தங்கையை அடித்தே கொன்றுவிட்டு வழக்கிலிருந்து தப்பிய அவள் கணவன் பீட்டர், அந்தச் சாலையில் வேறு கடை இல்லாததால் மச்சானின் சைக்கிள் கடைக்கே வந்தான். முன்சக்கரத்தைப் பிடித்திருந்த ஃபோர்க் வளைந்திருந்தது. சவரிமுத்து அதைக் கழற்றி நிமிர்த்தினான். ஃபோர்க்கில், ஹேண்டில்பார் தண்டு சேருமிடத்தில் விரிசல் ஓடியிருந்ததைப் பார்த்தான். அதன்மேல் கறுப்புப் பெயிண்டைத் தடவி, சக்கரத்தை மாட்டினான்.

“பாலத்து இறக்கத்துல தைரியமா போலாமா மச்சான்?”

“போங்க மாப்ள.”

பீட்டர் டீக்கடைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டான். தங்கையின் மகள் ஓடிவந்தாள். அவளைத் தூக்கி முன் பாரில் உட்காரவைத்து மிதித்தான்.

“நில்லுங்க மாப்ள, புள்ளய இறக்கிவிடுங்க. ஃபோர்க் தாங்காது” என்று கத்தியபடி சவரிமுத்து பின்னால் ஓடினான்.

“புள்ளயப் பறிக்கவா பாக்குற?” என்ற பீட்டர், இறக்கத்தில் இன்னும் வேகமாக மிதித்தான். குழந்தை பெல்லை அடித்துக்கொண்டே போனாள்.