கொழுப்பு இறங்கிய இடம்

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!"

ஒரகடம் கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் அறைக்குள் புயலாக நுழைந்தார் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கார்முகில். கையில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். அதைப் பார்த்த குஷி ஒரு பக்கம், கோபம் மறுபக்கம்.

கம்பெனி பஸ் டிரைவர் வனமாமலை ஏற்கெனவே அங்கே தலைகுனிந்து நின்றிருந்தார்.

"நீங்களே கேளுங்க சார்," என்றார் கார்முகில், பொறுப்பாளர் ஏசுவடியானிடம். "கம்பெனி பஸ்ஸு எங்க வடக்குப்பட்டு ஊருக்குள்ள வந்து வுடணும். இவரு மூணு மாசமா கூட்டுரோட்டுலயே இறக்கிவுட்டுட்டுப் பறந்துடறாரு. ஷிப்ட் முடிச்சு, இந்த உடம்பைத் தூக்கிகினு அரை மணி நேரம் நடக்கறேன்!"

"ஏன்யா வனமாமலை?"

"வண்டி திருப்ப எடமில்ல, சார்."

"போன வருசம் இருந்த எடத்தைக் காக்கா தூக்கிகினு போயிடுச்சா?" என்று பாய்ந்தார் கார்முகில்.

அறையே சிரித்தது.

"இவர் மேல ஏற்கெனவே ஒரு புகார் இருக்கு," ஏசுவடியான் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு வந்தா வேலையே போயிடும். எழுதிக்கவா?"

"எழுதுங்க சார்! கொஞ்சம் இருங்க, அதுக்கு முன்ன ஒரு நல்ல சேதி. ரத்தத்துல கொழுப்பு முன்னூத்தி அம்பதுலேர்ந்து நூத்தி நாப்பதுக்கு இறங்கிடுச்சு! பாக்கெட் எண்ணெய், பரோட்டா, பிஸ்கெட் எல்லாத்தையும் தலைமுழுகிட்டேன். செக்கு எண்ணெய், நெய், கொழுப்போட கறி. நம்ம முப்பாட்டன் தின்னது சார்! கம்பெனி டாக்டரே வாயைப் பொளந்துட்டாரு."

"நூத்தி நாப்பதா, அண்ணாச்சி?" வனமாமலையின் முகம் சட்டென்று மலர்ந்தது.

"உனக்கு இன்னாய்யா அவ்ளோ சந்தோசம்?" என்று எரிந்து விழுந்துவிட்டு, கார்முகில் வீட்டிலிருந்த மனைவிக்குப் போன் போட்டார். ஊருக்கே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் தட்டினார்.

"மஞ்சுளா, ஜெயிச்சிட்டேன்டி! நூத்தி நாப்பது!"

"மெய்யாலுமா மாமா? அம்மனுக்குப் பொங்கல் வெச்சிடணும்!"

"நெய் தின்னா செத்துப்போவேன்னியே, இப்ப இன்னா சொல்ற? இன்னொரு சேதி கேளு. அந்த பஸ் டிரைவர் கதையும் முடிஞ்சுது. புகார் எழுதிகினு கீறோம். வேலை காலி!"

போனில் ஏதோ பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.

"ஹலோ! மஞ்சுளா?"

"அய்யோ மாமா, எழுதாதே! உன் முப்பாட்டன் நெய்யைத் தின்னுட்டு நாள்பூரா ஏர் ஓட்டினாரு. நீ தின்னுட்டு ஃபோர்க்லிஃப்ட்ல குந்திகினு கீற. நடன்னா கேக்கவும் மாட்ட. அதான் அந்த அண்ணன் கால்ல வுழாத குறையா கெஞ்சி, உன்னைக் கூட்டுரோட்டுலயே இறக்கிவுடச் சொன்னேன். நீ எவ்ளோ திட்டினாலும் என் பேரைச் சொல்றதில்லன்னு சத்தியம் பண்ணிக்குடுத்தாரு மாமா, அந்த மனுசன்!"