காகிதத்துக்கு அடியில் ஒரு பெயர்

"பேரை மறைச்சு என்ன பிரயோஜனம் மேடம்? தொண்ணூத்தாறு வாங்கின இந்தப் பேப்பர் யாரோடதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்," என்றார் அறிவியல் வாத்தியார்.

செல்லப்பிள்ளைகளுக்கு அவர் மார்க்கை அள்ளி விடுகிறார் என்று புகார் வந்ததால், விடைத்தாள்களில் பெயரின் மேல் பழுப்புக் காகிதம் ஒட்ட வைத்தவரே தலைமையாசிரியைதான். முதல் மார்க் வாங்கும் பிள்ளைக்குச் செலவில்லாமல் மேல்படிப்பு. இருப்பதோ ஒரே ஒரு இடம்.

"யாரோடது?"

"நம்ம டாக்டரம்மாதான், முதல் பெஞ்ச். புள்ளிக்குப் பதிலா குட்டி வட்டம் போட்டிருக்கா பாருங்க. வருஷம் பூரா அவ நோட்டுல இந்த எழுத்தைத்தானே திருத்தினேன்."

டாக்டரம்மா என்பது அவர் ஆசையாக வைத்த பெயர். மற்ற பிள்ளைகளுக்கு இருக்கும் பெயரே அவருக்கு நினைவில் நிற்காது.

"இந்த முப்பத்தெட்டு?"

"இந்தக் கோழிக் கிறுக்கலா? கடைசி பெஞ்ச்சா இருக்கும். அதான், போன வாரம் பள்ளிக்கூடத்தை விட்டுப் போச்சே, அந்தப் பொண்ணு."

பரீட்சைக்கு மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா வந்திருந்தாள். "சார், இவளுக்கு அந்த இடம் கிடைக்குமா? கிடைக்காதுன்னா சொல்லிடுங்க. வெளியூர்ல வேலை இருக்கு, கூடவே கூட்டிட்டுப் போயிடறேன்," என்றாள். முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்படலாமா என்று கேட்டு, பெயர் நீக்கும் தாளை வாத்தியாரே நிரப்பிக் கொடுத்தார்.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் இருக்கச் சொல்லியிருக்கலாமே சார்."

"எதுக்கு மேடம்? ஒரு நாளாவது நோட்டு வெச்சிருப்பாளா? கேட்டா, 'எழுத நேரமில்ல சார்'னு தலையைக் குனிஞ்சுக்குவா. பாதி நாள் வெளியிலதான் நிக்க வெச்சேன். டாக்டரம்மாவுக்கு வருஷ ஆரம்பத்துல வலது கை உடைஞ்சு ஒரு மாசம் கட்டு. அப்பகூட நோட்டு ஒரு நாள் தவறலை."

தலைமையாசிரியை நிமிர்ந்தார்.

"வலது கையில கட்டு. அப்போ நோட்டு எழுதினது யாரு?"

"யாரையோ எழுதிக் குடுக்கச் சொன்னேன். சும்மா உக்காந்திருந்த ஏதோ ஒண்ணு. ஞாபகமில்ல மேடம்."

"கட்டுப் பிரிச்சதும் போதும்னு சொன்னீங்களா?"

வாத்தியார் யோசித்தார். சொன்னதாக நினைவில்லை.

"அதெல்லாம் நான் சொல்லணுமா மேடம்? அதுங்களுக்கே தெரியாதா?"

தலைமையாசிரியை ஈரப் பஞ்சால் ஒற்றி, தொண்ணூற்றாறின் மேலிருந்த காகிதத்தை உரித்தார். வாத்தியார் சிரித்த முகத்தோடு குனிந்து பார்த்தார். சிரிப்பு குழம்பியது.

"இது யாரு மேடம்?"

தலைமையாசிரியை மேசை இழுப்பறையைத் திறந்தார்.

"அந்த அம்மா எந்த ஊருக்குப் போறாங்கன்னு சொன்னாங்களா சார்?"

"நான் கேக்கலையே."

விடைத்தாளுக்குப் பக்கத்தில் அவர் போன வாரத்துப் பெயர் நீக்கும் தாளை வைத்தார். இரண்டிலும் ஒரே பெயர். காரணம் என்ற இடத்தில் வாத்தியார் தன் கையாலேயே எழுதியிருந்தார்: 'எழுதும் பழக்கமே இல்லாத மாணவி.'