காலி வரிசை

"டேப் ஓடுது. யார் யார் இருக்கோம், எங்கே உட்கார்ந்திருக்கோம்னு சொல்லிடும்மா" என்றார் அதிகாரி ப்ரெக்கி.

கிர்ஸ்டன் ஒலிப்பதிவுக் கருவியின் பக்கம் குனிந்தாள். "மேஜைக்கு இந்தப் பக்கம் திவால் அதிகாரி ப்ரெக்கி. அவருக்கு இடது பக்கம் நான், கிர்ஸ்டன், சட்டக் கல்லூரி மாணவி, கோடை விடுமுறைத் தொண்டர். எதிரே திவால் மனு கொடுத்த ஹில்மா அம்மா. ஜன்னலோரம் கடன் கொடுத்தவங்களுக்காகப் போட்ட நாற்காலி வரிசை. காலி."

"சம்பளம் வாங்குறவங்களே இவ்வளவு சுத்தமா சொல்றதில்லை" என்று ப்ரெக்கி சிரித்தார்.

ஹில்மா சிரிக்கவில்லை. டூ ஹார்பர்ஸிலிருந்து காலை பஸ்ஸில் டுலூத் வந்திருந்தாள். அவள் வேலை பார்க்கும் ஹோட்டல் சலவைக்கூடத்தில் அன்றைய கூலி போயிற்று. வந்ததிலிருந்து அவள் பார்வை கதவிலேயே இருந்தது. வெளியே காலடிச் சத்தம் கேட்டால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கிர்ஸ்டன் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினாள். "பயப்படாதீங்கம்மா. இந்தக் கோடை முழுக்க அந்த வரிசையில ஒருத்தர்கூட வந்து உட்காரலை. பேங்க்காரங்க எல்லாம் நம்ம தபாலைப் படிச்சுட்டுத் தூக்கிப் போட்டுடுவாங்க."

"ஒருத்தர்கூடவா?" ஹில்மாவின் குரல் இறங்கிப்போயிற்று.

சத்தியப்பிரமாணம் முடிந்தது. ப்ரெக்கி கேள்விகளை ஆரம்பித்தார்.

"சொந்த வீடு?"

"இல்லை."

"கார்?"

"இருக்கு. இறக்கத்துல நல்லா ஓடும்."

ப்ரெக்கி புன்னகையோடு கடன் பட்டியல் இருந்த அடுத்த பக்கத்தைப் புரட்டி, நின்றார். "பேங்க், ஆஸ்பத்திரி, சரி. கடைசியில லெம்பின்னு ஒரு பேர் இருக்கே? நாற்பது டாலர்?"

"தையல் மெஷின் வாங்கக் கொடுத்தா. எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முந்தி."

"அந்த மெஷினே இப்போ இருக்காதேம்மா!"

"இருக்கு. ஊசிதான் இல்லை."

ப்ரெக்கி கண்ணாடியைக் கழற்றினார். "இவங்களுக்கு அனுப்பின அழைப்பு திரும்பி வந்திருக்கு. வீடு மாறிட்டாங்களாம். இவ்வளவு பழைய கடனை இனி யாரும் கோர்ட்ல கேட்க முடியாது. அந்தப் பேரை அடிச்சுட்டா இன்னைக்கே நம்ம வேலை முடிஞ்சுது. இருக்கட்டும்னா, கூட்டத்தைத் தள்ளிவெச்சு மறுபடி அழைப்பு அனுப்பணும். நீங்களும் இன்னொரு நாள் கூலியை விட்டுட்டு வரணும்."

"அடிச்சிடுங்கம்மா" என்று கிர்ஸ்டன் மெதுவாகச் சொன்னாள். "அவங்க நேர்ல வந்து நின்னு ஏதாவது கேட்டாங்கன்னா உங்களுக்குத்தானே சங்கடம்?"

"அடிக்காதீங்க!"

ஹில்மா போட்ட சத்தத்தில் ப்ரெக்கியின் காப்பி தளும்பியது. அவள் அவசரமாகக் கைப்பையைத் திறந்து, மடித்த துண்டுச்சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"புது விலாசம். சர்ச்சில விசாரிச்சு வாங்கினேன். மறுபடி அனுப்புங்க. நான் வர்றேன்."

ப்ரெக்கி தோளைக் குலுக்கினார். "கடன் கொடுத்தவங்க கண்ணுல படாம ஓடுறவங்களைத்தான் நான் பார்த்திருக்கேன். சரி, கூட்டம் ஒத்திவைக்கப்படுது."

அவர் போன பிறகு கிர்ஸ்டன் புது அழைப்பை அச்சிட்டு, மடித்து, உறையில் போட்டாள். ஹில்மா கிளம்பாமல் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"ஏம்மா, உறைக்கு மேல என் பேர் இருக்காதே?"

"இருக்காது. அரசு முத்திரை, ஆபீஸ் விலாசம், அவ்வளவுதான். நீங்க வேணும்னா உள்ளே ரெண்டு வரி எழுதி வைங்களேன்?"

"ஐயோ, வேண்டாம். என் கையெழுத்தே வேண்டாம்." ஹில்மா உறையை வாங்கி, முத்திரை இருந்த பக்கத்தை விரலால் நீவினாள். "அந்த நாற்பது டாலரை உள்ளே வெச்சு எத்தனையோ கடுதாசி போட்டுட்டேன். எல்லாத்தையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பிட்டா என் தங்கச்சி. கவர்மென்ட் கூப்பிட்டா வந்துதானே ஆகணும்?"

கிர்ஸ்டன் உறையை வாங்கி, அதன் வாயை ஓரம்வரை அழுத்தி ஒட்டி, பதிவுத் தபாலில் சேர்த்தாள்.