கமாவுக்குப் பின்னால்

"பெருக்கினா கூடத்தானே செய்யும்? அது எப்படிடி குறையும்?"

வாரக்கணக்கில் இதே கேள்வி. சில்யேவுக்குக் கையிலிருந்த பென்சிலை முறித்துப் போடலாம் போலிருந்தது.

நர்ஸிங் கல்லூரி கேன்டீனில் எதிரே உட்கார்ந்து, தீரில் நிதானமாக ரொட்டிமேல் பழுப்புச் சீஸைச் சீவி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் இருந்த தாளில் 0,4 × 0,2 = 0,8. அந்த நாட்டில் தசமப் புள்ளிக்குப் பதில் கமாதான் போடுவார்கள்.

"ஒரு வாஃபிள்ல பாதி எடு. அந்தப் பாதியில பாதி எடு. என்ன வரும், முழு வாஃபிளா?"

"ஜாம் தடவியா, தடவாமயா?"

"சாவடிக்காதடி."

திங்கட்கிழமை மருந்துக் கணக்குத் தேர்வு. கால்குலேட்டர் கூடாது. ஒரே ஒரு கணக்கு தப்பினாலும் ஃபெயில். சில்யே ஏற்கெனவே இரண்டு முறை விழுந்தவள். இரண்டு முறையும் கமாவில்தான். இதிலும் விழுந்தால் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

ஆசிரியை பெரித் தனியாகச் சொல்லித்தருகிறேன் என்று கூப்பிட்டபோது, எனக்கு எல்லாம் தெரியும், அவசரத்தில் கை தவறிவிட்டது என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் உதவி என்று பக்கத்தில் வரவில்லை. வந்தவள் தீரில் ஒருத்திதான். அவளும் உதவ வரவில்லை. தனக்கு ஒன்றுமே மண்டையில் ஏறவில்லை, நீதான் கரையேற்ற வேண்டும் என்று வந்து ஒட்டிக்கொண்டாள்.

தன் படிப்பைப் பார்ப்பதா, இந்த மக்குக்கு மாரடிப்பதா?

"இங்க பாரு. முதல்ல கமாவை மறந்துடு. நாலு ரெண்டு எட்டு. ரெண்டு எண்லயும் கமாவுக்குப் பின்னால மொத்தம் எத்தனை இலக்கம்?"

"ரெண்டு."

"நீ எழுதின விடையில?"

"ஒண்ணு."

"அப்ப எட்டுக்கு முன்னால பூஜ்யம் எங்கடி? 0,08. நீ போட்ட மாதிரி ஊசி போட்டா பத்து மடங்கு மருந்து உள்ள போகும். புரியுதா?"

தீரில் பலமாகத் தலையாட்டினாள். அடுத்த கணக்கிலும் அதே பூஜ்யத்தை விட்டாள்.

திங்கட்கிழமை தேர்வறையில் தீரிலைக் காணோம். தூங்கிவிட்டாள் போல. இவளுக்காகவா தொண்டை கிழியக் கத்தினோம் என்று சில்யேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடேயே தாளைப் பிரித்தாள்.

0,3 × 0,2. கை தன்பாட்டுக்கு 0,6 என்று எழுதியது. எழுதிய கையோடு அவள் குரலே அவள் காதில் விழுந்தது: பூஜ்யம் எங்கடி?

அடித்துவிட்டு 0,06 என்று எழுதினாள்.

பெரித் அங்கேயே திருத்திக் கொடுத்தார். எல்லாம் சரி. பாஸ்.

சில்யே கிளம்பவில்லை. தயங்கித் தயங்கி மேசையருகில் போனாள்.

"பெரித், தீரில் வரலை. தூங்கியிருப்பா. பொறுப்பில்லாதவதான், ஆனா அவளும் என்னோட உக்காந்து ரொம்பக் கஷ்டப்பட்டா. சாயங்காலம் அவளை மட்டும் தனியா எழுத விடுங்களேன்."

பெரித் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"தீரிலா? அவ முதல் தடவையே ஒரு தப்பு இல்லாம பாஸ் பண்ணிட்டாளே."