தகரத்தில் ஓர் ஓட்டை

போடியில் மகள் வீட்டுக்குப் போயிருந்த அன்னக்கொடி, குரங்கணியில் ஜீப்பை விட்டு இறங்கியதும் திடுக்கிட்டாள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் தகரக் கூரைமேல் உட்கார்ந்து, புருஷன் திருப்பதி ஆணியடித்து ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே ஜெர்மனிக்காரர்கள் மூன்று பேர் கிடாரும் டிரம்முமாக ராக் ஆல்பம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் விஜயபாண்டி அனுப்பிவைத்த சிநேகிதர்கள். வந்த நாளிலிருந்தே திருப்பதிக்கு அவர்களைக் கண்டால் ஆகாது.

“மழை இருட்டிக்கிட்டு வருது, கிறுக்குப் புடிச்சிருச்சா? நனையவிட்டு வெரட்டலாம்னு பாக்குறீகளா?”

“சும்மா போடி, சோலியக் கெடுக்காத. பாட்டுன்னு வந்துட்டு ஒருத்தனும் வாயத் தொறக்கல. இவனுகள எப்படி நம்புறது?”

“மகன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

மழை பிடித்துக்கொண்டது. துண்டுகளோடு ஓடிப்போய் ஸ்டோர் கதவைத் திறந்தாள்.

ஒழுகுகிற இடமெல்லாம் அவளுடைய சட்டியும் குண்டானும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மைக். மூவரும் உதட்டில் விரல் வைத்துச் சிரித்தார்கள்.

இறங்கி வந்த திருப்பதி அவளை வெளியே இழுத்தார். “பழைய ஓட்டையில ஒழுகுறத வச்சுத்தான் தாளமே போட்டிருக்கானுக. விருந்தாளுக நனையுறாகளேன்னு நேத்து நான் தார வச்சு அடைச்சுப்புட்டேன். பாட்டுப் பாதியில நின்னுபோச்சுன்னு ஒருத்தன் அழுதேபுட்டான்.”

“இப்ப நம்புறீகளா?”

“இன்னும் இல்ல” என்றவர், காதைச் சாய்த்துக் கேட்டார். “ஆனா, அந்தக் கெழக்கு மூலையில ஒரு ஓட்டை கொறையுது. ஆணிய எடு.”