பகலவனுக்காக ஓடியவன்

பஸ்ஸைப் பிடிக்க நாலடி ஓடியதுமே, நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்து தவில் வாசிக்கிற மாதிரி உங்களுக்கு எப்போதாவது இருந்திருக்கிறதா?

பகலவனுக்கு ஒரு மாதமாக இருந்தது. வயது என்னவோ இருபத்து நாலுதான். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் மூன்று வருடமாக ட்ரெய்னி. இப்போதுதான் பெர்மனன்ட் லிஸ்ட்டில் பெயர் வந்திருந்தது. நடுவில் ஒரே ஒரு மெடிக்கல் டெஸ்ட். ட்ரெட்மில்லில் பன்னிரண்டு நிமிடம் ஓட வேண்டும். தேறாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"டேய் மணி, நாளைக்கு டெஸ்ட்டுடா. இப்பவே படபடன்னு அடிச்சிக்கினு கீது."

வடக்குப்பட்டில் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த மணிகண்டபிரபு தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். வேறொரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. மிச்ச நேரமெல்லாம் ஜிம். அறைக்குள் நுழையும்போது தோள் கதவில் இடிக்கும்.

"நைட் ஷிப்ட்டுல எனர்ஜி ட்ரிங்க்க டப்பா டப்பாவா ஊத்துனா கழுதைக்கும் அடிக்கும்ல."

"அது இல்லாங்காட்டி மிஷின் மேலயே தூங்கிருவேன். இது வேற மேட்டரு மணி. ஹார்ட்டே போச்சுன்னு நெனைக்கிறேன். நாளைக்கு ஓடுனா மாட்டிக்குவேன்."

மணி பாயில் எழுந்து உட்கார்ந்தான். "ஒண்ணு செய்வோமா? ஒனக்குப் பதிலா நான் ஓடுதேன்."

"இன்னாது?"

"ஒன் யூனிஃபார்மு, ஒன் ஐ.டி. கார்டு, மூஞ்சியில மாஸ்க்கு. கார்டுல இருக்க போட்டோவப் பாத்தா ஒங்க அம்மைக்கே அடையாளம் தெரியாதுல."

பகலவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ தெய்வம்டா! வாலாஜாபாத்துல பிரியாணி என் செலவு."

"பிரியாணியெல்லாம் வேண்டாம். டெஸ்ட்ட ஒழுங்கா எடுப்பாங்களா, அதச் சொல்லு."

மறுநாள் பகலவனின் யூனிஃபார்ம் சட்டையில் மணிக்கு இரண்டு பட்டன் மூடவே இல்லை. ஆனாலும் டெஸ்ட் எடுக்கிற லேபில் யாரும் கேட்கவில்லை. டெக்னீஷியன் சுபஸ்ரீ மணியின் அகன்ற நெஞ்சில் வரிசையாக ஒயர்களை ஒட்டினாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில், துணைக்கு வந்தவன் மாதிரி பகலவன் உட்கார்ந்திருந்தான்.

"நல்லா அழுத்தி ஒட்டுங்க மேடம். அவசரமே இல்ல" என்றான் மணி.

"எல்லாரும் எப்போ விடுவீங்கன்னுதான் கேப்பாங்க. நீங்க ஏதோ கல்யாணத்துக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க!"

பெல்ட் நகர்ந்தது. மணி ஓடினான். பகலவன் மனசுக்குள் பெர்மனன்ட் ஆர்டரைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாவது நிமிடம் மிஷின் நின்றது. சுபஸ்ரீ டாக்டர் அறைக்கு ஓடினாள். டாக்டர் சத்யபாமா நீளமான ஈ.சி.ஜி. பேப்பரோடு வந்து நின்றார்.

"பகலவன்!"

"யெஸ் மேடம்!"

மூன்று வருடமாக ஷிப்ட் அட்டெண்டன்ஸுக்குக் குரல் கொடுத்த பழக்கம். பெஞ்சில் இருந்தவன் விறைப்பாக எழுந்து நின்றான். ஒயரோடு நின்றவன் ஃபேனைப் பார்த்தான்.

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, பேரை விடுங்க. இந்த நெஞ்சு யாரோடது?"

"என்னோடதுதான் மேடம்" என்றான் மணி.

"இதுக்குள்ள கரண்ட் போற பாதையில குறுக்கு வழி ஒண்ணு இருக்கு. ஓடினா துடிப்பு இருநூறைத் தாண்டுது. பயப்பட வேணாம், சரி பண்ணிடலாம். அதுவரைக்கும் ஜிம் பக்கமே போகக்கூடாது. சீட்டு எழுதித் தரேன், பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. சொந்தப் பேர்ல போங்க!" பிறகு பகலவன் பக்கம் திரும்பினார். "நீ ஏன்பா ஓடல?"

"நெஞ்சு அடிக்குது மேடம்."

"என்ன குடிக்கிற?"

"எனர்ஜி ட்ரிங்க் மேடம். மூணு."

"வாரத்துக்கா?"

"ஒரு ஷிப்ட்டுக்கு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கம்பெனிக்கு நான் இன்னும் எதுவும் எழுதல. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு நீ வந்து ஓடுற. அதுவரைக்கும் ஒரு டப்பாவத் தொடக்கூடாது."

வெளியே டீக்கடையில் பகலவன் டீயைத் தொடவே இல்லை. தன் வேலை போவது இருக்கட்டும், இந்தப் பையனை இப்படி மாட்டிவிட்டோமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

"என்னை மன்னிச்சிர்றா மணி. எனக்காக ஓடப் போயி, ஒனக்கு இப்டி ஆயிப்போச்சே!"

"ஒனக்காகவா?" மணி பன்னை டீயில் முக்கினான். "ஏல, ரெண்டு மாசமா வெயிட்டு தூக்கும்போதெல்லாம் எனக்கு இதே அடிதான். கான்ட்ராக்ட்டுக்காரனுக்கு எந்தக் கம்பெனி டெஸ்ட்டு எடுக்கும்? ஒங்க கம்பெனியில ஓசில எடுக்காங்க, அதான் வந்தேன்."

மறுநாள் காலை பகலவன் பன்னிரண்டு நிமிடமும் ஓடினான், ரிப்போர்ட்டில் நார்மல் என்று இருந்தது. மணிகண்டபிரபு பெரியாஸ்பத்திரி வரிசையில் சொந்தப் பெயரில் நின்றான்.